துப்பாக்கி சுடப் பழகப் போகிறீர்களா? தில்லித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர், மயூர் விஹாரிலும் ஆர்.கே. புரத்திலும் இருந்து வேலை முடிந்து பழக வருபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பேச்செல்லாம் 10 மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் பற்றியது மட்டும்.

புதியவர் காதில் விழும் தவறான யோசனைகளில் பாதிக்கு மேல் முழுப் பொய்யல்ல. ரைபிளுக்குச் சொன்னதைப் பிஸ்டல்காரரிடம் சொல்லிவிடுகிறார்கள். பத்து வருடம் சுட்டவருக்கு ஏற்றதைப் பத்து நாள் பழகியவருக்குச் சொல்லிவிடுகிறார்கள். யார் என்ன சொன்னாலும் "இது எந்தத் துப்பாக்கிக்கு, எந்த நிலையில் இருப்பவருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.

"ரைபிளா, பிஸ்டலா? பிஸ்டல்தான் ஈசின்னு எல்லாரும் சொல்றாங்களே?"

டார்கெட் அட்டையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பிஸ்டலில் பத்து மதிப்பெண் தரும் நடு வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. ரைபிளில் அது 0.5 மி.மீ., ஒரு புள்ளிதான். ஆனால் ரைபிளைத் தோள், கன்னம், இரண்டு கை, இடுப்பெலும்பு எல்லாம் சேர்ந்து தாங்குகின்றன. விறைப்பான ஜாக்கெட்டும் உதவுகிறது. பிஸ்டலை நீட்டிய ஒற்றைக் கைதான் தாங்க வேண்டும். அதனால் சுலபம், கடினம் என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கிளப் துப்பாக்கியில் இரண்டையும் தலா இரண்டு வாரம் சுட்டுப் பாருங்கள். நின்ற நிலையை நுணுக்கமாக அமைத்து, அதே அமைப்பைத் திரும்பத் திரும்பக் கொண்டு வருவதில் ஒருவருக்குச் சலிப்பு வராது என்றால் ரைபிள் பொருந்தும். செலவிலும் வித்தியாசம் உண்டு. ரைபிளுக்கு ஜாக்கெட், கால்சட்டை, கையுறை, ஷூ எல்லாம் தனியாக வாங்க வேண்டும். பிஸ்டலுக்குக் கணுக்கால் எலும்பை மூடாத, தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ போதும்.

"லைசென்ஸ் எடுக்கணுமா?"

2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ரைபிள் 0.53 கிராம் பெல்லட்டை (சிறு ஈயக் குண்டை) நொடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. கணக்குப் போட்டால் 7.7 ஜூல்தான் வரும், வரம்பில் பாதிகூட இல்லை. வாங்கும்போது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுங்கள். ரசீதின் நகலைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள். பாயிண்ட் டூடூ (.22) போன்ற வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்கு லைசென்ஸ் கட்டாயம்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காகத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போகக் கூடாது. பூட்டிய பெட்டியில்தான் கொண்டு போக வேண்டும். தில்லி மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்திலும் பையைச் சோதிப்பார்கள். அந்த வரிசையில் துப்பாக்கிப் பெட்டியோடு போய் நிற்க வேண்டாம்; சொந்த வண்டியிலோ டாக்சியிலோ போங்கள்.

"நல்ல துப்பாக்கி இருந்தாதான் ஸ்கோர் வருமாம். முதல்லயே இறக்குமதி பிஸ்டல் வாங்கிடலாமா?"

வேண்டாம். குறைந்தது மூன்று மாதம் கிளப் துப்பாக்கியில் சுடுங்கள். பராமரிப்பு சரியாக உள்ள ஒரு சாதாரண போட்டித் துப்பாக்கியைப் பிடிச்சட்டத்தில் இறுக்கிச் சுட்டால், பெல்லட்டுகள் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் விழும். உங்கள் ஷாட்டுகள் கைக்குட்டை அளவுக்குப் பரவுகின்றன என்றால், குறை துப்பாக்கியில் இல்லை. மூன்று மாதத்தில் கைப்பிடியின் அளவு, டிரிகர் எட்டும் தூரம், உங்களுக்குப் பிடித்த எடை எல்லாம் உங்களுக்கே தெரிந்துவிடும். அதற்கு முன்பே வாங்கியவர்கள் பலர் அதை விற்றுவிட்டு வேறு வாங்குகிறார்கள்.

முதலில் கண்மறைப்பு (குறி வைக்காத கண்ணுக்கு முன் மாட்டுவது), பிறகு ஷூ, ரைபிள் என்றால் ஜாக்கெட், கடைசியாகத் துப்பாக்கி. வாங்குவதற்கு இந்த வரிசை நல்லது. பழையது வாங்குவதானால் துப்பாக்கியில் மாட்டியுள்ள காற்று சிலிண்டரில் பொறித்த தேதியை முதலில் பாருங்கள். சிலிண்டரின் ஆயுள் பொதுவாக 10 வருடம். காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது. புதிது வாங்கும் செலவையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, காற்று நிரப்பி அழுத்தமானி காட்டும் அளவைக் குறித்துக்கொண்டு 24 மணி நேரம் விடுங்கள். அளவு இறங்கியிருந்தால் எங்கோ ஓ-ரிங் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போயிருக்கிறது. மாற்றிவிடலாம், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

"சிலிண்டர்ல காத்து எங்க நிரப்புறது? ஆக்சிஜன் சிலிண்டர்ல இருந்து பிடிச்சுக்கலாம்னு ஒருத்தர் சொன்னார்."

இந்த யோசனையைச் சொன்னவரிடமிருந்து வேறு எந்த யோசனையும் கேட்காதீர்கள். அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜன், வால்வில் ஒட்டியிருக்கும் துளி எண்ணெயோடு சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். சுத்தமான, ஈரமற்ற காற்றை மட்டுமே நிரப்ப வேண்டும். ரேஞ்சில் உள்ள பெரிய ஸ்கூபா சிலிண்டர், ஈரம் வடிகட்டும் கம்பிரசர், கைப்பம்பு மூன்றில் எதுவும் சரி. பெரும்பாலான சிலிண்டர்களில் 200 பார் (காற்றழுத்த அளவு) வரை நிரப்பலாம். உங்கள் சிலிண்டரில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் எல்லை. வால்வை மெதுவாகத் திறங்கள். வேகமாக நிரப்பினால் சூடேறி மானி அதிகமாகக் காட்டும், ஆறியதும் இறங்கிவிடும்.

திருகு இறுகுகிறது என்று தையல் மெஷின் எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் உயர் அழுத்தக் காற்றிலும் ஆபத்துதான். ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும்.

தில்லி மே மாத வெயிலில் நிரப்பிய சிலிண்டரைக் காரில் விட்டுப் போகவும் வேண்டாம். 25 டிகிரியில் 200 பார் இருந்தது, கார் உள்ளே 60 டிகிரி ஆனால் 220 பாரைத் தாண்டும். ஓ-ரிங்குகளும் கெடும்.

"காலி துப்பாக்கிதானே, எதுக்கு இவ்வளவு கெடுபிடி?"

காலி என்று நினைத்த துப்பாக்கியால்தான் விபத்து நடக்கிறது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே குழல் டார்கெட் பக்கம் பார்க்க வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் உள்ள பாதுகாப்புக் கயிறு குழல் முழுவதும் நுழைந்து இரு முனையிலும் வெளியே தெரிய வேண்டும். குறி சைட்டில் (குறி பார்க்கக் குழலின் முன்னும் பின்னும் உள்ள அமைப்பில்) வந்த பிறகே விரல் டிரிகரில் போக வேண்டும். 'ஸ்டாப்' என்று கேட்டதும், பத்து வரப்போகும் ஷாட்டாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். யாராவது ஃபயரிங் லைனுக்கு முன்னால் போயிருந்தால் துப்பாக்கியைத் தொடவே கூடாது, சைட்டைச் சரிசெய்வதற்குக்கூட.

பக்கத்து லேன்காரரோடு பேசத் திரும்பும்போது துப்பாக்கியும் கூடவே திரும்புவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. முதலில் கீழே வையுங்கள், பிறகு பேசுங்கள்.

"ஒரு கண்ணை மூடித்தானே குறி வைக்கணும்?"

மூடலாம், ஆனால் நல்லதல்ல. ஒரு கண்ணை இறுக்கி மூடினால் முகத்தசை இறுகும், மற்ற கண்ணும் சீக்கிரம் களைக்கும். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும்; குறி வைக்காத கண்ணுக்கு முன் 30 மி.மீ. அகலத்துக்கு மிகாத வெள்ளை மறைப்பு ஒன்றைத் தொப்பியிலோ கண்ணாடியிலோ மாட்டுங்கள். கறுப்பு அட்டை வேண்டாம். ஒரு கண்ணுக்கு இருட்டாகிவிட்டால் மற்ற கண்ணின் பாவையும் சேர்ந்து விரியும்.

அதற்கு முன் உங்கள் வலுவான கண் எது என்று பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி விரல்களால் சிறு முக்கோண ஓட்டை அமைத்து, தூரத்தில் உள்ள சுவிட்ச் ஒன்றை அதன் வழியாகப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது சுவிட்ச் தெரிகிறதோ அதுவே வலுவான கண். வலது கைக்காரருக்கு இடது கண் வலுவாக இருந்தால் பிஸ்டலில் அவ்வளவு சிரமமில்லை, மறைப்போடு சமாளிக்கலாம். ரைபிளில் கோச்சிடம் பேசி முதல் வாரத்திலேயே தோள் மாற்றிப் பார்ப்பது நல்லது. ஆறு மாதம் பழகிய பிறகு மாற்றுவது கஷ்டம்.

"எனக்கு 46 வயசு. பிஸ்டல் சைட்டே மங்கலா தெரியுது, இனி முடியாதா?"

முடியும். கண்ணாடியை மாற்றினால் போதும். தூரப் பார்வைக்கான பவரோடு +0.5 அல்லது +0.75 சேர்த்து ஒற்றைப் பவர் லென்ஸ் போடச் சொல்லுங்கள். கண் மருத்துவரிடம் "நீட்டிய கைக்குச் சற்றுத் தள்ளி தெளிவாகத் தெரிய வேண்டும்" என்று சொன்னால் புரிந்துகொள்வார். பைஃபோக்கல், புரோகிரசிவ் கண்ணாடிகள் உதவாது. தலை சற்றுச் சாய்ந்தாலும் பவர் மாறிவிடும்.

"கறுப்பு வட்டத்தை நல்லா உத்துப் பாத்து அடின்னு சொல்றாங்க. அப்படிப் பாத்தா ஸ்கோர் குறையுது. ஏன்?"

ஏனென்றால் பிஸ்டலில் பார்க்க வேண்டியது கறுப்பு வட்டத்தை அல்ல, முன் சைட்டை. முன் சைட்டின் மேல் விளிம்பு கத்திமுனை போலத் தெளிவாகவும், வட்டம் மங்கலாகவும் தெரிய வேண்டும். காரணம் எளிய கணக்கு. இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 330 மி.மீ. தூரம். பின் சைட்டின் பள்ளத்தில் முன் சைட் 1 மி.மீ. விலகி நின்றால், 10 மீட்டரில் அது சுமார் 30 மி.மீ. ஆகிறது. பத்து வர வேண்டியது ஏழாகிவிடும். சைட் இரண்டும் சரியாகப் பொருந்தியிருந்து, கை மட்டும் மொத்தமாக 1 மி.மீ. நகர்ந்தால், டார்கெட்டிலும் 1 மி.மீ.தான் நகரும், பத்து பத்தாகவே இருக்கும்.

கண்ணால் ஒரே நேரத்தில் இரண்டு தூரத்தையும் தெளிவாகப் பார்க்க முடியாது. வட்டத்தைத் தெளிவாக்கினால் சைட் பிழை கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதனால்தான் பலர் வட்டத்தின் அடியில் வெள்ளை இடைவெளி விட்டு, அங்கே குறி வைக்கிறார்கள். கறுப்பு சைட் கறுப்பு வட்டத்துக்குள் மறையாமல் வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று நிற்கும். இடைவெளி எவ்வளவு என்பது முக்கியமில்லை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் போதும்.

"உற்றுப் பார்" என்ற யோசனை ரைபிள் பக்கமிருந்து வந்திருக்கலாம். ரைபிளில் முன் சைட் ஒரு வளையம். அதன் நடுவே வட்டம் உட்கார வேண்டும், சுற்றிலும் ஒரே அளவு வெள்ளைக் கீற்று தெரிய வேண்டும். அங்கே புதியவர் செய்யும் தவறு, துல்லியம் கிடைக்கும் என்று மிகச் சிறிய வளையம் போடுவது. வட்டம் விளிம்பைத் தொட்டுத் தொட்டு ஆடும், கண் குழம்பும். 4 மி.மீ. அளவில் தொடங்குங்கள்.

"கை ஆடுது சார். ஆட்டத்தை எப்படி நிறுத்துறது?"

நிறுத்த முடியாது. ஒலிம்பிக் வீரருக்கும் ஆடும், குறைவாக ஆடும். ஆட்டம் நிற்கும் கணத்தைப் பிடித்து டிரிகரைத் தட்ட நினைப்பதுதான் தவறு. தட்டும்போது மணிக்கட்டும் சேர்ந்து இழுபட்டு, முன் சொன்ன சைட் பிழை வந்துவிடும். ஆடட்டும் என்று விட்டு, சைட் பொருத்தத்தை மட்டும் காத்துக்கொண்டு டிரிகரை நேராகப் பின்னோக்கி, ஒரே சீராக அழுத்துங்கள். எட்டும் ஒன்பதும் வரும். தட்டினால் ஐந்து வரும்.

பிஸ்டல் டிரிகரின் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. போட்டிக்கு முன் எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். விரலின் முதல் கணுவின் நடுப்பகுதி டிரிகரில் படட்டும். விரலின் மற்ற பகுதி கைப்பிடியைத் தொடக் கூடாது, தொட்டால் பக்கவாட்டில் தள்ளும். ரைபிளுக்கு டிரிகர் எடை வரம்பு இல்லை. அதனால் சிலர் புதியவரையும் மிக லேசாக வைக்கச் சொல்கிறார்கள். விரல் வைத்ததுமே வெடித்துவிடும் டிரிகரில் அழுத்தும் பழக்கமே வராது.

"எவ்வளவு நேரம் குறி வச்சுக் காத்திருக்கலாம்? மூச்சைப் பிடிச்சுக்கணுமா?"

கை குறிக்கு வந்து நிலைத்தபின் 5 முதல் 8 நொடிக்குள் ஷாட் போக வேண்டும். 10 நொடி தாண்டினால் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் கண்ணில் பழைய பிம்பம் தங்கும். சைட் விலகியதும் தெரியாது. இறக்குவதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். போட்டியில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம் இருக்கிறது.

மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம். சாதாரணமாக வெளியே விட்டதும் உடம்பே சற்று நிற்கும். அந்த இடைவெளி போதும்.

"கால் எப்படி வைக்கணும்? ஒவ்வொருத்தரும் ஒரு கோணம் சொல்றாங்க."

கோணத்தை உங்கள் உடம்பிடமே கேளுங்கள். நிலை எடுத்துக் குறி வையுங்கள், கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுங்கள், தோளைத் தளர்த்துங்கள், கண்ணைத் திறங்கள். சைட் வட்டத்தின் இடது பக்கம் போயிருந்தால் கையால் இழுக்காதீர்கள். பின்னங்காலை சிறிது நகர்த்தி மொத்த உடம்பையும் திருப்புங்கள். மூன்று தடவை கண் திறந்தாலும் சைட் அதே இடத்தில் நின்றால், அதுதான் உங்கள் நிலை. ஷூவைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் தண்ணீர் குடிக்கப் போனால் திரும்பி வர உதவும்.

கையால் இழுத்து வைத்த குறி, டிரிகர் விடுபடும் கணத்தில் பழைய இடத்துக்கே திரும்பும். காரணம் தெரியாமல் ஒரே பக்கம் எட்டு விழுந்துகொண்டிருந்தால், பெரும்பாலும் இதுதான்.

"பக்கத்து லேன் அண்ணன் ஒவ்வொரு ஷாட்டுக்கும் சைட்டைத் திருகச் சொல்றார்."

ஒரு ஷாட்டை வைத்துத் திருகினால் உங்கள் தவறையே சைட்டில் ஏற்றிவிடுவீர்கள். ஐந்து ஷாட் சுடுங்கள், கூட்டமாக விழுந்த இடத்தின் மையத்தைப் பாருங்கள், அதன்பின் திருகுங்கள். பின் சைட்டை நீங்கள் எந்தப் பக்கம் நகர்த்துகிறீர்களோ, ஷாட்டும் அந்தப் பக்கம் போகும். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு என்பதை ஊகிக்காதீர்கள்: ஐந்து ஷாட் சுட்டு, 10 கிளிக் திருகி, மறுபடி ஐந்து சுட்டு, இரண்டு மையங்களின் தூரத்தை அளந்து 10-ஆல் வகுத்து, பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள்.

கீழ் இடதுபுறம் விழுந்தால் டிரிகர் தவறு, மேலே விழுந்தால் மணிக்கட்டுத் தவறு என்று காட்டும் வட்டப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது வலக்கைக்காரர் ஒற்றைக் கையால் சுடும் பிஸ்டலுக்கான ஊகம், ரைபிளுக்குப் பொருந்தாது. அதைவிட, ஷாட் போன பிறகும் இரண்டு நொடி அப்படியே நின்று, வெடித்த கணத்தில் சைட் எங்கே இருந்தது என்று சொல்லிவிட்டு, பிறகு ஷாட் விழுந்த இடத்தைக் காட்டும் திரையைப் பாருங்கள். நீங்கள் சொன்ன இடத்திலேயே விழுந்திருந்தால் துப்பாக்கி சரி. திரும்பத் திரும்ப வேறு இடத்தில் விழுந்தால்தான் சைட்டையும் பெல்லட்டையும் சந்தேகப்பட வேண்டும்.

"வீட்டுல, மொட்டை மாடில பழகலாமா?"

மாடியில் சுடவே கூடாது. தவறிப் போகும் பெல்லட் பக்கத்து மாடியில் துணி உலர்த்துபவரின் கண்ணைப் பறித்துவிடும். வீட்டில் பெல்லட் இல்லாத பயிற்சிதான் சரி. போட்டித் துப்பாக்கிகள் பலவற்றில் காற்று விடாமல் டிரிகர் மட்டும் வேலை செய்யும் ட்ரை ஃபயர் வசதி உண்டு. குழலைச் சோதித்து, பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு, வெற்று வெள்ளைச் சுவரைப் பார்த்து 20 நிமிடம் செய்யுங்கள். வட்டம் இல்லாததால் கண் சைட்டை விட்டு ஓடாது. மேலே கேட்ட "உற்றுப் பார்" சிக்கலுக்கு இதுவே நல்ல மருந்து.

ஸ்பிரிங் வைத்த, குழலை மடக்கி ஏற்றும் ஏர்கன்னில் இதைச் செய்யாதீர்கள். பெல்லட்டின் தடை இல்லாமல் பிஸ்டன் முன்னால் போய் மோதி சீல் உடையும். "ட்ரை ஃபயர் துப்பாக்கியைக் கெடுக்கும்" என்ற யோசனை அங்கேயிருந்து வந்ததுதான்.

"ஒரு நாளைக்கு எத்தனை சுடணும்? இருநூறு சுட்டாதான் முன்னேற்றமாம்."

தேசிய முகாமில் இருப்பவருக்குச் சரியாக இருக்கலாம். முதல் மாதத்தில் 40 ஷாட் போதும். களைத்த தோளோடு சுடும் 41-வது ஷாட்டிலிருந்து நீங்கள் பழகுவது டிரிகரைத் தட்டுவதைத்தான். வாரம் மூன்று நாள் ரேஞ்ச், மற்ற நாள் வீட்டில் வெள்ளைச் சுவர்.

"பெல்லட் ஈயமாச்சே, பிள்ளைங்களுக்குக் கெடுதல் இல்லையா?"

கவனமாக இருந்தால் பயமில்லை. பெல்லட்டை வாயில் வைக்கக் கூடாது. சில பிள்ளைகள் வசதிக்காக உதட்டில் பிடித்துக்கொள்கிறார்கள். ஃபயரிங் லைனில் டிபன் பாக்ஸைத் திறக்க வேண்டாம். முடிந்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கை கழுவிய பிறகே சாப்பாடு. டார்கெட்டின் பின்னால் உள்ள பெட்டியில்தான் தூள் அதிகம். அதைப் பிள்ளைகளை விட்டுக் காலி செய்யச் சொல்லாதீர்கள்.

"எங்க பையனுக்கு ஒன்பது வயசு. மனு பாக்கர் மாதிரி வரணும்னு ஆசை. இப்பவே சேக்கலாமா?"

ஆசை நல்லது. ஆனால் போட்டி ரைபிள் பெரும்பாலும் 4 முதல் 5 கிலோ, உச்சவரம்பே 5.5 கிலோ. பின்னால் சாய்ந்து அதைத் தாங்கும் நிலை வளரும் முதுகெலும்புக்குப் பாரம். இந்த வயதில் துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துச் சுடக் கற்றுக்கொடுக்கும் கோச்சாகப் பாருங்கள். நீச்சலும் ஓட்டமும் தொடரட்டும். கைப்பிடி பெரிதாக இருந்தால் பிஸ்டலும் காத்திருக்கட்டும். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிளில் உலக அளவுக்குப் போனவர். வெளிமாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளை என்பது இந்த விளையாட்டில் தடையே அல்ல.

"லீவுக்கு ஊருக்குப் போறோம். துப்பாக்கியை எடுத்துட்டுப் போனா தாத்தா தோட்டத்துல பழகலாம்ல?"

விட்டுவிட்டுப் போங்கள். தோட்டத்தில் பின்தடுப்பு இருக்காது, சொந்தக்காரப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள், யாராவது ஒரு குருவியைக் காட்டிச் சுடச் சொல்வார்கள். பறவையைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். போட்டிக்காகவே கொண்டு போக வேண்டியிருந்தால் பூட்டிய பெட்டி, ரசீது, துப்பாக்கி சுடும் சங்கத்தின் அட்டை மூன்றும் வேண்டும். விமானம் என்றால் டிக்கெட் எடுக்கும் முன்பே நிறுவனத்திடம் பேசி, காலி செய்து கழற்றிய சிலிண்டரோடு செக்-இன் சாமானாகக் கொடுக்க வேண்டும்.

"பயிற்சில 600-க்கு 560 வருது. போட்டில 530 தாண்டல. பயமா?"

பயமும் இருக்கும். அதற்கு முன் அந்த 560-ஐச் சோதியுங்கள். பயிற்சியில் கெட்ட ஷாட்டை "இது கணக்கில்லை" என்று விட்டீர்களா? நடுவில் டீ குடிக்கப் போனீர்களா? வாரம் ஒரு நாள் போட்டி மாதிரியே சுடுங்கள்: 15 நிமிடம் தயாரிப்பும் சோதனை ஷாட்டும், பிறகு 75 நிமிடத்தில் 60 ஷாட், எல்லாமே கணக்கில். அந்த எண்தான் உங்கள் ஸ்கோர். 535 வந்தால் 530-இல் ஆச்சரியமில்லை.

பழுதுக்கும் தயாராக இருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி, விலைமதிப்பற்ற நிமிடங்கள் போயின. இறுதிச் சுற்றுக்கு அவர் தேர்வாகவில்லை. 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றார். உங்கள் பெட்டியில் மாற்று ஓ-ரிங்குகள், இரண்டாவது நிரப்பிய சிலிண்டர், ஆலன் சாவிகள், மின் டிரிகர் என்றால் புதிய பேட்டரி, பயிற்சியில் சுட்ட அதே பெல்லட்டின் இரண்டு டப்பா இருக்கட்டும். குளிர்கால தில்லிப் போட்டிக்கு ஒரு ஜோடி கம்பளிக் கையுறையும் வையுங்கள். விறைத்த விரலுக்கு 500 கிராம் டிரிகர் எங்கே பிடிக்கிறது என்றே தெரியாது.